பெயரும் எண்ணும்: நம் சாலைகளைப் பற்றி ஒரு சிறு பாடம்

"உங்கள் வீட்டு முகவரி என்ன?" என்று கேட்டால் நம்மில் யாரும் தயங்குவதில்லை. பல்கலைக்கழகப் பதிவுப் படிவம் முதல் நூலக அட்டை வரை எத்தனையோ தடவை எழுதி எழுதி அது கைக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த முகவரியை யார் கொடுத்தார்கள், எந்த விதிப்படி கொடுத்தார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை, ஓர் இரவு வரும்வரை.

ஓர் இரவு

நான் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது தேர்வுக்காக விடுதியிலேயே தங்கியிருந்தேன். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் மட்டும். நள்ளிரவுக்கு மேல் தாத்தா குளியலறையில் விழுந்துவிட்டார். பாட்டி கைத்தொலைபேசியில் 995ஐ அழைத்தார். பாட்டிக்குத் தமிழும் பாசார் மலாயும் தெரியும். ஆங்கிலம் பேசவோ படிக்கவோ வராது. மறுமுனையில் இருந்தவர் மலாயில் பேசியது பெரிய உதவி. இடம் எது என்று கேட்டதும் பாட்டி, "சிராங்கூன், அவென்யூ துவா" என்றாராம்.

"சிராங்கூனா, சிராங்கூன் நார்த்தா?"

"சிராங்கூன்தான்."

எங்கள் வீடு இருந்தது சிராங்கூன் நார்த் அவென்யூ 2இல். சிராங்கூன் அவென்யூ 2 என்பது வேறு சாலை. இரண்டும் ஒரே வட்டாரம். ஆனால் வேறு வேறு இடம். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. திருமணமாகி வந்த நாள் முதல் நாரிஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தவர் அவர். அவருக்குச் "சிராங்கூன்" என்றால் கோவிலும் கடைகளும் நிறைந்த அந்தச் சாலை. வீவக வீட்டுக்கு மாறிய பிறகு, பழைய சிராங்கூனிலிருந்து புதிய சிராங்கூனுக்கு வந்திருக்கிறோம் என்பதே அவர் கணக்கு. "நார்த்" என்ற சொல் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அடுத்து புளோக் எண்ணைக் கேட்டார்கள். பதற்றத்தில் அதுவும் மறந்துவிட்டது. "கீழே காப்பிக்கடை இருக்கும் புளோக்" என்றார் பாட்டி. மறுமுனையில் இருந்தவர் பொறுமையிழக்கவில்லை. "வீட்டுக்கு வந்த கடிதம் ஏதாவது கையில் இருக்கிறதா? அதில் கடைசியில் ஆறு எண்கள் இருக்கும், ஒவ்வொன்றாகப் படியுங்கள்" என்றார். மேசை மேல் மின்சாரக் கட்டண உறை கிடந்தது. பேருந்தின் எண் பார்த்து ஏறிப் பழகியவர் பாட்டி. எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். ஆறு எண்களையும் மலாயில் படித்தார். அதற்குமேல் கேள்வியே இல்லை. வண்டி வந்தது. தாத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது; அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியுடன் நடந்தார்.

மறுநாள் மருத்துவமனையில் பாட்டி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏன் தம்பி, ஊர்ல பேருக்கா பஞ்சம்? ரெண்டு தெருவுக்கும் ஒரே பேரை ஏன் வைச்சாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் வைப்பவர் யார்?

ஆங்கிலேயர் காலத்தில் சிங்கப்பூரின் சாலைகளுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு முனிசிபல் ஆணையர்களிடம் இருந்தது. 1951இல் சிங்கப்பூர் நகரமானபோது முனிசிபல் சபை நகரசபையாயிற்று. 1959இல் சுயாட்சி வந்தபின் நகரசபையின் பணிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1967இல் சாலைப் பெயர்களுக்கென ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. பிரிட்டிஷ் ஊர்களின் பெயர்களையும் பிரமுகர்களின் பெயர்களையும் தவிர்த்து, இம்மண்ணுக்குரிய பெயர்களை, குறிப்பாக மலாய்ப் பெயர்களை நாடும் போக்கு அக்காலத்தில் வலுப்பெற்றது. இன்று இப்பணியைச் செய்வது சாலை, கட்டடப் பெயர்கள் வாரியம். நகர மறுசீரமைப்பு ஆணையம் 2010 முதல் அதன் செயலகமாக இருக்கிறது.

ஆகவே யாரும் தம் விருப்பப்படி ஒரு சாலைக்கோ கட்டடத்திற்கோ பெயர் வைத்துவிட முடியாது. அடுக்குமாடி வீடு கட்டும் மேம்பாட்டாளரும்கூடப் பெயரை முன்மொழியலாம், முடிவு வாரியத்துடையது.

வாரியம் பார்க்கும் முக்கியமான விதிகளை எளிமையாகச் சொல்வதானால் அவை இவைதாம்:

முதலாவது, ஏற்கெனவே உள்ள பெயர் மறுபடி வரக்கூடாது. எழுத்தில் வேறாக இருந்து ஒலியில் ஒன்றுபோல இருந்தாலும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, உயிரோடிருப்பவர் பெயரைப் பொதுவாகச் சாலைக்கு வைப்பதில்லை. நாட்டுக்கு அல்லது சமூகத்துக்குப் பெருந்தொண்டு செய்து மறைந்தவர் பெயரைப் பரிசீலிக்கலாம்.

மூன்றாவது, அந்த இடத்தின் வரலாற்றோடும் இயல்போடும் பெயருக்குப் பொருத்தம் இருந்தால் நல்லது.

நான்காவது, பெயரின் பின்பகுதி சாலையின் வடிவத்தைச் சொல்ல வேண்டும். வளைந்து செல்வது 'கிரசென்ட்'. மறுமுனை அடைபட்டது 'குளோஸ்'. 'அவென்யூ', 'டிரைவ்', 'லோரோங்', 'ஜாலான்' எல்லாம் இப்படித்தான்.

ஐந்தாவது, வைத்த பெயரை எளிதில் மாற்றுவதில்லை. மாற்றினால் அங்கே வாழும் அத்தனை பேரின் ஆவணங்களும் மாறவேண்டும் அல்லவா?

முதல் விதிதான் பாட்டியின் கேள்விக்கு நெருக்கமானது. இந்த விதி இன்று நேற்று வந்ததும் அல்ல. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவிலை ஒட்டியுள்ள டெம்பிள் ஸ்திரீட்டுக்கு முன்பு அல்மேடா ஸ்திரீட் என்று பெயர். ஊரில் அல்மேடா பெயரில் வேறு இடங்களும் இருந்ததால் குழப்பம் ஏற்பட, முனிசிபல் ஆணையர்கள் 1908இல் கோவிலை வைத்து அதற்குப் புதுப்பெயர் கொடுத்தார்கள். பக்தியால் வந்த பெயர் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். குழப்பத்தைத் தீர்க்க வந்த பெயர் அது.

அப்படியானால் சிராங்கூன் அவென்யூவும் சிராங்கூன் நார்த் அவென்யூவும் எப்படி வந்தன? புதிய நகரங்கள் வேகமாக எழுந்த காலத்தில், வட்டாரப் பெயரோடு எண் சேர்க்கும் முறையைப் பின்பற்றினார்கள். அங் மோ கியோவில் அவென்யூ 1, 3, 5 ஆகியவை பெரும்பாலும் கிழக்கு மேற்காகவும், 4, 6, 8 ஆகியவை வடக்கு தெற்காகவும் ஓடும். வரைபடம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது மிக வசதி. காதால் மட்டும் கேட்பவருக்கு அத்தனை வசதியில்லை. பிற்காலத்தில் செங்காங்கில் காம்பஸ்வேல், ரிவர்வேல், ஆங்கர்வேல், ஃபெர்ன்வேல் என்று பெயர்களுக்கு ஒரு கருப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றையும் பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் வேலு வேலுன்னே முடியுது" என்றார்!

நம் பெயர்கள்

தமிழ் மாணவன் என்ற முறையில் நான் அடுத்துத் தேடியது தமிழ்ப் பெயருள்ள சாலைகளை. அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் வகை, பிறர் நம்மைப் பார்த்து வைத்த பெயர்கள். மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் 'பகோடா' என்று கருதியதால் வந்தது பகோடா ஸ்திரீட். லிட்டில் இந்தியா பக்கம் ஹிந்து ரோடு என்றே ஒரு சாலை உண்டு. இவற்றுள் மனத்தை உறுத்துவது ஒன்று. ராஃபிள்ஸ் காலத்து 1822 நகரத் திட்டத்தில் தென்னிந்தியர்களுக்கு ஒதுக்கிய பகுதிக்குச் சூலியா கம்போங் என்று பெயர். ஆனால் நகரின் நடுவில் ஒரு தெருவுக்குக் கிளிங் ஸ்திரீட் என்று பெயர் வந்தது. அச்சொல் காலப்போக்கில் இழிசொல்லாயிற்று. இந்தியச் சமூகம் அதை விரும்பவில்லை. 1920களின் தொடக்கத்தில் முனிசிபல் சபை அத்தெருவைச் சூலியா ஸ்திரீட் ஆக்கியது. இன்று வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? பெயரை எளிதில் மாற்றுவதில்லை என்ற விதிக்குள்ளும், நியாயமான காரணம் இருந்தால் மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் வகை, நம்மவர்களின் பெயர்கள். ரிவர் வேலி பக்கத்தில் நாராயணன் செட்டி ரோடு, முத்துராமன் செட்டி ரோடு, அருணாசலம் செட்டி ரோடு ஆகியவை உள்ளன. பொத்தோங் பாசிரில் மெய்யப்ப செட்டியார் ரோடு உண்டு. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் வீராசாமி ரோடு, மருத்துவர் என். வீராசாமியின் பெயரை 1920களிலிருந்து தாங்கி நிற்கிறது. தஞ்சோங் பகாருக்கு அருகே கடையநல்லூர் ஸ்திரீட். இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்ந்த வட்டாரம் அது. ஓர் ஊரே கடல் கடந்து வந்து ஒரு தெருவாக நிற்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வகையில் ஒரு சங்கடமும் உண்டு. அருணாசலம் செட்டி ரோட்டின் பெயர்ப்பலகையை ஆங்கில எழுத்தின்படி வாசித்தால் 'ஆர்னசலம்' என்றுதான் வரும். அந்த எழுத்துக்கூட்டலே சட்டப்படியான பெயராகிவிட்டது. கடிதமும் வரைபடமும் வண்டியும் அந்த எழுத்துகளைத்தான் தேடும். "தவறாக எழுதியிருக்கிறார்களே" என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். தமிழில் எழுதும்போது அதை அருணாசலம் என்று மீட்டெழுத நமக்கு உரிமை இருக்கிறது; யாரும் தடுக்கவில்லை. பலகையில் தேய்ந்த பெயரை நம் எழுத்தில் நாம் காப்பாற்றலாம்.

மூன்றாம் வகை, தமிழ்ச் சொற்கள். இவை மிகக் குறைவு. எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது ஜூரோங் தொழிற்பேட்டையில் உள்ள நெய்தல் ரோடு. ஆளின் பெயருமில்லை, ஊரின் பெயருமில்லை, தனித் தமிழ்ச்சொல். துணி நெய்வதும் நெய்தல். ஐந்திணையில் கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல். தொழிற்பேட்டைக்கு முதற்பொருள் பொருந்தும். சங்க இலக்கியம் படித்த நமக்கு இரண்டாவது பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். சிறிய சொல். வேறு எந்தச் சாலையோடும் குழம்பாது. பிறமொழியினரும் எப்படியோ சொல்லிவிடுவர். வாரியத்தின் விதிகளை வைத்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் கிடைப்பது அரிது.

பலகையில் இல்லாத பெயர்கள்

விதிகளுக்கு அப்பாற்பட்ட பெயர்களும் உண்டு. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கிகளில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் தமிழர்களுக்கு அது செட்டித் தெரு. எந்தப் பலகையிலும் அந்தப் பெயர் இருந்ததில்லை. கிட்டங்கிகள் போன பிறகு பெயரும் மெல்லப் போய்விட்டது. நம் வயதினரில் அதைப் பயன்படுத்துபவர் இல்லை.

தேக்காவின் கதை இதற்கு நேர்மாறு. சிறுமூங்கில்களின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் பெயரிலிருந்து வந்தது தேக்கா. அங்கிருந்த சந்தை 1982இல் புதுக்கட்டடத்துக்கு மாறியபோது, அதே பெயரின் சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்படி எழுதி 'சுஜியாவ் நிலையம்' என்று அதிகாரபூர்வப் பெயர் வைத்தார்கள். தமிழரும் மலாய்க்காரரும் மட்டுமல்ல, ஹொக்கியன் பேசிய சீனரும் அதை அப்படி அழைக்கவில்லை. எல்லாரும் தேக்காவுக்கே போய்வந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வப் பெயரே தேக்கா நிலையம் ஆயிற்று. தமிழ்ச் சொல்லே அல்லாத ஒன்றைத் தமிழர்கள் விடாமல் சொல்லி, காப்பதில் பங்கு கொண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. செட்டித் தெருவை நாம் மட்டும் சொன்னோம். நாம் இடம்பெயர்ந்ததும் அது மறைந்தது. தேக்காவை எல்லாரும் சொன்னார்கள். அது பலகையையே மாற்றியது.

எண்ணின் அருமை

பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அந்த இரவில் தாத்தாவைக் காப்பாற்றியது பெயரன்று, எண்.

தரைவீடுகள் உள்ள சாலையில் ஒரு பக்கத்து வீடுகளுக்கு ஒற்றைப்படை எண்களும் எதிர்ப்பக்கத்துக்கு இரட்டைப்படை எண்களும் தருவது வழக்கம். ஒரு மனையைப் பிரித்து இரண்டு வீடு கட்டினால், பழைய எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் தெரு முழுதும் எண் மாற வேண்டியிருக்கும்.

வீவக நகரங்களில் முறை வேறு. அங்கே எண் சாலைக்குரியதன்று, கட்டடத்துக்குரியது. ஒரு நகரத்துக்குள் ஒரு புளோக் எண் பொதுவாக ஒருமுறைதான் வரும். சிராங்கூன் அவென்யூ 2இல் உள்ள புளோக்குகள் 300 வரிசையில் இருக்கின்றன. சிராங்கூன் நார்த் அவென்யூ 2இல் 100 வரிசை. சாலைப் பெயர் குழப்பினாலும் புளோக் எண் குழப்பாது. பாட்டியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: பெயரில் விட்ட இடைவெளியை எண்ணில் அடைத்திருக்கிறார்கள்.

அஞ்சல் குறியீடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1950இல் தீவை அஞ்சல் வட்டாரங்களாகப் பிரித்து இரண்டிலக்க எண் தந்தார்கள். 1979இல் அது நான்கிலக்கமாயிற்று. 1995 செப்டம்பர் முதல் ஆறிலக்கம். இந்த ஆறில் முதல் இரண்டு பகுதியைக் குறிக்கும்; மற்றவை கட்டடத்தைக் குறிக்கும். வீவக வீடென்றால் கடைசி மூன்றும் பெரும்பாலும் புளோக் எண்ணே. சிராங்கூனுக்கு 55, ஆகவே அங்குள்ள புளோக் 301க்கு 550301. புளோக் எண்ணோடு 'ஏ' சேர்ந்தால் நடுவில் உள்ள பூஜ்யம் ஒன்றாகும். 'பி' என்றால் இரண்டாகும். உங்கள் வீட்டுக் குறியீட்டை இப்போதே இப்படிப் பிரித்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்ணுக்குள் உங்கள் புளோக் உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஓர் இடத்தின் மொத்த முகவரியும் ஆறு எண்களில் அடங்குகிறது. எந்த மொழியிலும் சொல்லலாம். எழுத்துக்கூட்டல் தகராறு இல்லை. உச்சரிப்புக் குறை இல்லை.

நாம் செய்யக்கூடியவை

இதை ஒரு பாடமாகப் படித்த உங்களுக்கு மூன்று சிறு பயிற்சிகளைத் தருகிறேன்.

ஒன்று. இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது உங்கள் தாத்தா பாட்டியிடம் முகவரியைச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் அஞ்சல் குறியீட்டையும், மாடி எண், வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டுங்கள். அவர்கள் பேசும் மொழியிலேயே அந்த எண்களைச் சொல்லிப் பழக்குங்கள்.

இரண்டு. தமிழில் முகவரி எழுதும்போது ஒரு சாலைக்கு ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள். நம் சங்கத்தின் அழைப்பிதழ்களிலேயே ஒரே சாலையைச் சிராங்கூன் என்றும் செராங்கூன் என்றும் பார்த்திருக்கிறேன். பெயர் நம்முடையதாக வேண்டுமானால் முதலில் நாம் அதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று. "நம் பெயரில் சாலைகள் போதவில்லை" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். பேசுவதோடு நிற்காமல் பெயர்களைத் தேடி வைப்போம். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது சில கேள்விகளைக் கேட்போம். இதே ஒலியில் வேறு சாலை இருக்கிறதா? அந்த இடத்தோடு இதற்கு உறவு உண்டா? ஒரு மலாய்க்கார ஓட்டுநரும் ஒரு சீன மூதாட்டியும் இதைச் சொல்ல முடியுமா? நள்ளிரவில் பதறிப் போய் அழைப்பவர் வாயில் இது சிதையாமல் வருமா? இவற்றில் தேறும் பெயர்தான் நெய்தலைப் போல நிலைக்கும்.

பெயர் நினைவுக்காக என்று நான் முன்பு நம்பியிருந்தேன். இப்போதும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாலைப் பெயரின் முதற்கடமை, உதவி தேவைப்படுபவரிடம் உதவியைக் கொண்டு சேர்ப்பது. அந்தக் கடமையைச் செய்யும் பெயரில்தான் நினைவும் பத்திரமாக இருக்கும்.

தாத்தா இன்று இல்லை. அந்த இரவுக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். பாட்டி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஊரிலிருந்து வரும் உறவினர் யாராவது, "வீடு எங்கே இருக்கு அத்தை?" என்று தொலைபேசியில் கேட்டால், சாலைப் பெயரை அவர் சொல்வதே இல்லை. ஆறு எண்களையும் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, "டாக்சிக்காரர்கிட்ட இதை மட்டும் காட்டு, கொண்டாந்து விட்டுடுவார்" என்கிறார்.